இரண்டு வள்ளக்கடவும் ஒரு முடிச்சும்

சர்க்காரும் முதலாளியும் எந்தக் காலத்திலாவது ஒரே கருத்தில் நின்றதுண்டா? மணக்குடிக் காயலில் ஒரு தடவை நின்றார்கள். இருவரும் ஒரே ஆளை, ஒரே குற்றத்துக்காக வேலையிலிருந்து விரட்டினார்கள். அந்தப் பெருமை முடிச்சு அண்ணாச்சியைத் தவிர உலகத்தில் வேறு எவருக்கும் கிடைத்திராது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கட்டிய வள்ளத்தை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது, அதனால் முடிச்சு.

மகாராஜா காலம். காயலில் வள்ளமேறி உல்லாசமாகச் சுற்றிவர உத்தியோகஸ்தர்களும் வசதியான குடும்பங்களும் வருவார்கள். கிழக்குக் கரையில் சர்க்காரின் படகுத்துறை, அதாவது சர்க்கார் வள்ளக்கடவு. மேற்குக் கரையில் ஒரு முதலாளியின் வள்ளக்கடவு. தோவாளையில் பூக்கூடை சுமந்த வேலை போய், நடந்தே வந்து சேர்ந்த எனக்குச் சர்க்கார் கடவில் வள்ளத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டும் வேலை கிடைத்தது. ஒரு வேளைக் கஞ்சி. தண்ணீருக்கு மட்டும் குறைவில்லை.

ஏனென்றால், சர்க்கார் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் மேலாபீசுக்கு எழுத வேண்டும். "ஓட்டை எந்தப் பக்கம்?" என்று பதில் வருவதற்குள் வள்ளம் காயலின் அடியில் கிடக்கும். முதலாளியின் கடவில் எழுத்து வேலையெல்லாம் கிடையாது. ஓட்டையில் பழந்துணியைத் திணித்து, மேலே மெத்தையைப் போட்டு, வந்த கூட்டத்திலேயே கனமான ஆளாகப் பார்த்து அதன்மேல் உட்கார வைப்பார்கள்.

"சர்க்கார் வள்ளம் போவாது மக்கா, முதலாளி வள்ளம் திரும்பி வராது. வித்தியாசம் அம்புட்டுதான்" என்பார், அதே சர்க்கார் கடவில் வள்ளம் கட்டி அவிழ்க்கும் வேலையிலிருந்த அண்ணாச்சி.

காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு அடைத்துக் கிடக்கும். அதைப் பொழி என்பார்கள். மழையில் காயல் நிரம்பினால் பொழி உடைந்து தண்ணீரெல்லாம் கடலுக்குப் பாயும். தினமும் காலையில் அண்ணாச்சி பொழிமேல் நடந்து, குதிகாலை அழுத்திப் பார்ப்பார். குதிகால் புதைந்தால் அன்றைக்கு யாருக்கும் வள்ளம் கிடையாது.

அப்படித்தான் ஒரு பெரிய அதிகாரியைக் குடும்பத்தோடு கரையில் நிறுத்திவிட்டார்.

"யார் உத்தரவு?" என்றார் அதிகாரி.

"என் குதிகாலு சொல்லிச்சு, எஜமானே."

குதிகாலின் உத்தரவு எழுத்தில் இல்லாததால் வேலை போயிற்று. அன்றைக்குப் பொழி உடையவும் இல்லை. அதுதான் அவருக்கு அவமானம்.

அக்கரை முதலாளி அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே இரண்டு வேளைக் கஞ்சி என்று கேள்விப்பட்டு, அடுத்த வாரம் நானும் போனேன்.

ஐப்பசி மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில், புதுப்பெண்ணும் மாப்பிள்ளையுமாக ஒரு கல்யாணக் கூட்டம் வந்து எல்லா வள்ளங்களையும் கேட்டது. அன்று அண்ணாச்சியின் குதிகால் கணுக்கால்வரை புதைந்திருந்தது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"அவுத்து விடும்வேய்!" என்று கத்தினார் முதலாளி. "வந்திருக்கது யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன? நீந்தத் தெரியுமான்னு கேளும்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீரு. பொழி உடைஞ்சுதா?"

"அது என்னிட்ட கேட்டுட்டா உடையும்?"

புதுப்பெண் சிரித்துவிட்டாள். "ஏட்டி, பல்லைக் காட்டாத" என்று அத்தைக்காரி அதட்டினாள்.

முதலாளி நான்கு பேரை முடிச்சில் ஏவினார். ஒருவன் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான். புதுக்கயிறு, அறுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. வெயில் ஏறியது. கல்யாணக் கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "வெட்டுக்கத்தி எடுத்துட்டு வாலே!" என்றார்.

கத்தி வந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பொழி உடைந்துவிட்டது.

அக்கரையில், புது ஆள் சட்டப்படி கட்டியிருந்த சர்க்கார் வள்ளங்கள் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போயின. எங்கள் வள்ளங்கள் துள்ளின, முனகின, இழுத்துப் பார்த்தன. ஒரு முடிச்சும் இளகவில்லை. புதுப்பெண் அத்தைக்காரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் முதலாளிக்குத்தான் குரல் வந்தது.

"சொன்ன பேச்சு கேக்காத ஆளு எனக்கு வேண்டாம்வேய்!"

"சரி. இந்தக் கெட்டு மூணு நாளைக்கு இப்படியே கிடக்கட்டும். பொறவு நானே வந்து அவுத்துத் தாறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி நடந்தார்.

என்னை யாரும் விரட்டவில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். ஒரு மனிதருக்குப் பின்னால் நடந்தது அந்த ஒரு தடவைதான்.