பரம்பரைப் பாத்திரப் பாதுகாப்புக் குழு

நம் ஊரில் நிலத்துக்குப் பட்டா இருக்கிறதோ இல்லையோ, கரண்டிக்குப் பேர் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த டம்ளர், காதுகுத்துக்கு வந்த கிண்ணம் எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக யாராவது ஒருவருடைய பேரை வெட்டி வைத்திருப்பார்கள். பட்டாவையாவது ஆளைப் பிடித்து மாற்றிக்கொள்ளலாம், பாத்திரத்தில் வெட்டிய பேரை மாற்ற முடியாது. இது எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் இருபத்துநாலு வயதில், ஊரைக் கூட்டி, மைக் வைத்துச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. குடியிருந்தது புத்தூரில். கணவர், மாமியார், நாத்தனார் செல்வி, நான். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாதர் மன்றம் இருந்தது. மாலையில் ரிங் டென்னிஸ் (ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கிற ஆட்டம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வேண்டும்), மழை வந்தால் கேரம், மாதத்துக்கு ஒரு சொற்பொழிவு, அதற்குக் கூட்டம் சேர்க்க போண்டா. நான் இன்டர்மீடியட் படித்தவள் என்பதால் அங்கே எனக்குத் தனி மரியாதை. (பாஸ் செய்தேனா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வதும் அடக்கமில்லை என்று விட்டுவிட்டேன்.)

அப்போது எவர்சில்வர் மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் என்று தெருவில் குரல் கேட்டால் போதும், பெண்கள் அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு ஓடுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வெண்கலக் கும்பா போகும், பதிலுக்கு ஒரு டிபன் பாக்ஸ் வரும். நான் ஒருநாள் மன்றத்தில் எழுந்து நின்று, நம் பாரம்பரியம் தள்ளுவண்டியில் போகிறது என்று ஆவேசமாகப் பேசினேன். (அதற்கு முந்தின வாரம்தான் நானே ஒரு பித்தளைச் செம்பைப் போட்டு ரெண்டு தட்டு வாங்கியிருந்தேன். அது வேறு விஷயம்.)

மன்றத்தின் தலைவி வேதவல்லி அம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அதிகம் பேசமாட்டார். நான் பேச்சை முடிக்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்படின்னா நீயே ஒரு கண்காட்சி வெச்சுடேன்" என்றார். அங்கேயே பரம்பரைப் பாத்திரப் பாதுகாப்புக் குழு பிறந்தது. நான்தான் செயலாளர். குழுவில் வேறு யாரும் இல்லை.

பாத்திரம் கேட்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்க சாமான் எங்களுக்கே திரும்பி வருமா?" அதற்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு விழாவில் ஒரு குழிக்கரண்டி வேறு வீட்டுக்குப் போய், இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியிருந்தன. "என்னை நம்புங்க" என்றேன். அந்த வயதில் நான் அடிக்கடி சொன்ன வாக்கியம் அதுதான்.

வேதவல்லி அம்மாள் தன் வீட்டு வெண்கல உருளியைக் கொடுத்தார். பெருமாளுக்கு அக்காரவடிசல் தளிகை பண்ணுகிற உருளி. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து தனபாக்கியம் அக்கா ஒரு செம்பு அண்டாவை ரிக்ஷாவில் அனுப்பினார். அவர் புருஷன் ஃபோர்மேன், அக்கா வீட்டில் ஃபோர்மேனுக்கு ஃபோர்மேன். ரிங் டென்னிஸ் பைனலில் வளையம் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற தகராறில் இந்த இரண்டு பேரும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியாக என் மாமியார். எங்கள் வீட்டு வெண்கலப் பொங்கல் பானை அவருடைய பாட்டி காலத்தது. தை மாதம் செல்விக்குக் கல்யாணம். லால்குடி மாப்பிள்ளை. சீரில் முதல் பொருளாக அந்தப் பானைதான் போக வேண்டும் என்று செல்வி பிறந்த அன்றே முடிவாகிவிட்டதாம்.

"கொண்டு போ. ஆனா போன மாதிரியே வரணும் கோமதி. அது செல்வியோடது" என்றார்.

"என்னை நம்புங்க அத்தை."

செல்வி மட்டும் வாசல்வரை வந்து, "அண்ணி, பாத்துங்க" என்றாள்.

எனக்கு நிஜமாகவே அக்கறை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாத்திரம் மாறிப் போகக் கூடாது, வந்தது வந்த வீட்டுக்கே போக வேண்டும். அதற்கு எனக்குத் தோன்றிய வழி, பெரிய கடை வீதியிலிருந்து பேர் வெட்டுகிறவரை வரவழைப்பது. நூறு வருஷம் யாரும் கை வைக்காத பாத்திரங்களைப் பாதுகாக்க, அதன்மேல் உளி வைத்து அடிப்பது. இதைவிடப் பிரமாதமான யோசனை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை. முதலில் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லிப் பளபளவென்று ஆக்கினேன். பிறகு மன்றத்து வராண்டாவில் வரிசையாக வைத்தேன். மொத்தம் பதினோரு வீட்டுப் பாத்திரங்கள். கேட் பக்கம் முதலாவதாகத் தலைவியின் உருளி. கிணற்றுப் பக்கம் கடைசியாகத் தனபாக்கியம் அக்காவின் அண்டா. இரண்டும் பக்கத்தில் இருந்தால் பாத்திரங்களுக்குள்ளேயே சண்டை வந்துவிடும் என்று அப்படி வைத்தேன். எங்கள் பானை நட்டநடுவில். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். பேப்பரில் எழுதிக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னபோது சிரித்தேன்.

பேர் வெட்டுகிற மாணிக்கம் வந்தார். பையைத் திறந்து உளியும் குட்டிச் சுத்தியலும் எடுத்து வைத்தார். அன்று மாலை எனக்கு ஒரு முக்கியமான மேட்ச். ஆகவே நான் வராண்டாவை மறைத்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பயிற்சி ஆடிக்கொண்டே பேரைச் சொல்வது, அவர் வெட்டுவது என்று ஏற்பாடு.

"முதல்ல யாரும்மா?"

"வேதவல்லி!" என்று கத்திவிட்டு வளையத்தை வீசினேன்.

டொக் டொக் டொக்.

"அடுத்தது?"

ஒன்றைக்கூட யோசிக்காமல் மளமளவென்று சொன்னேன். நடுவில் எங்கள் பானை முறை வந்தபோது, மற்றவர்களுக்கு உறுப்பினர் பேரைச் சொல்லிவந்த வாய், அதே வேகத்தில் "கோமதி!" என்றது. ஒரு நொடி மாமியார் முகம் கண்ணில் வந்தது. அதற்குள் டொக் டொக் ஆரம்பித்துவிட்டது, வளையமும் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்ததும் தட்டியை விலக்கி வந்து, எங்கள் பானையை மட்டும் குனிந்து பார்த்தேன். முத்து முத்தாகக் கோமதி என்று இருந்தது. மாமியாரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். நம்முடையது சரியாக இருந்தால் மற்றதும் சரியாகத்தானே இருக்கும்? கூலியைக் கொடுத்து, பாத்திரங்கள்மேல் வேட்டியைப் போர்த்திவிட்டு மேட்ச் ஆடப் போனேன். (தோற்றேன்.)

நான் கவனிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். காலை வெயில் கேட் பக்கம் சுள்ளென்று அடித்ததால், மாணிக்கம் நிழலாக இருந்த கிணற்றுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்.

மறுநாள் மன்றம் நிரம்பி வழிந்தது. மியூசியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தோம். முதல் வரிசையில் என் மாமியாரும் செல்வியும். மைக் முன்னால் நின்று விருந்தினர் சொன்னார்: "பழம்பொருள்களின் அழகே, பிற்காலத்தார் கை படாமல் இருப்பதுதான். அதிலே படிந்த களிம்புகூடச் சரித்திரம்." கைதட்டலில் என் கைதான் பலமாகத் தட்டியது. பிறகு நான் பெருமையாக வேட்டியை விலக்கினேன்.

பாத்திரங்கள் வெயிலில் பளீரென்று மின்னின. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "களிம்பு எங்கேம்மா?" என்றார்.

"எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு சார்" என்றேன்.

நல்ல மனிதர். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து உருளியைத் திருப்பினார். "ஆகா, குடும்பப் பேரே வெட்டியிருக்கிறதே" என்று மைக்கில் சொன்னார். "இந்த உருளி தனபாக்கியம் அவர்கள் குடும்பத்துச் சொத்து."

வேதவல்லி அம்மாள் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

விருந்தினர் அடுத்த பாத்திரத்துக்குப் போனார், அடுத்ததற்குப் போனார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். "அது என்னோடதுங்க!" "என்னோடதுல ஏன் அவ பேரு?" நடுப் பானைக்கு வந்ததும், "கோமதி" என்று படித்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை. என் மாமியார் மட்டும் செல்வியைப் பார்த்தார், செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவள்போல் நான் மேலே பார்த்தேன்.

கடைசியில் அண்டா. "வேதவல்லி அம்மாள் வீட்டு அண்டா! அடேயப்பா! அந்தக் காலத்தில் இதில் என்னென்ன சமைத்தார்களோ!"

"தலைக்கறிங்க" என்றார் தனபாக்கியம் அக்கா, இருந்த இடத்திலிருந்தே.

போண்டா கொடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அந்த மன்றத்தின் சரித்திரத்தில் போண்டா மிஞ்சியது அன்று ஒருநாள்தான்.

வீட்டில் மாமியார் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டுச் சொன்னார்: "பதினோரு பாத்திரத்துல பத்து தப்பு. ஒண்ணே ஒண்ணு சரி. அது உன் பேரு."

"அத்தை, சத்தியமா அது நடுவுல இருந்ததால…"

"நடுவுல யாரு வெச்சது?"

என் கணவர் ரசத்தைப் பிசைந்தபடி, "சரியாத்தானே கேக்கறாங்க" என்றார். செல்வி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவள் பானையைத் திருடியவள் ஆகிவிட்டேன்.

மறுநாள் மன்றத்தில் அவசரக் கூட்டம். மாணிக்கத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். பேரை அழிக்க முடியுமா என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"பழைய தகடும்மா. மேல அடிச்சா ஓட்டை விழுந்துடும். பேரு வெட்டத்தான் எங்கிட்ட உளி இருக்கு, எடுக்க உளி கிடையாதுங்க" என்றார் அவர்.

வேதவல்லி அம்மாள் தன் உருளியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எடுக்கத்தான் முடியாது. சேர்க்க முடியுமோ?"

"இடம் இருக்குங்களே. சேக்கலாம்."

"அப்படின்னா என் உருளியிலே தனபாக்கியம்னு இருக்கோன்னோ, அதுக்குப் பின்னாடி 'சிநேகிதி வேதவல்லி'ன்னு போட்டுடும். தனபாக்கியம் சிநேகிதி வேதவல்லி. அண்டாவிலேயும் அப்படியே மாத்திப் போட்டுடும்."

தனபாக்கியம் அக்கா துள்ளி எழுந்தார். "நான் எப்பங்க உங்க சிநேகிதியானேன்?"

"இன்னிலேர்ந்து. வெண்கலத்திலே போட்டாச்சுன்னா அப்புறம் நீயும் நானும் என்ன பண்ண முடியும், சொல்லு."

அக்கா முறைத்துப் பார்த்தார். பிறகு, "வளையம் உள்ளதான் விழுந்துச்சு. அதை ஒத்துக்கிட்டா போட்டுக்கலாம்" என்றார்.

"விழுந்தது, விழுந்தது. போடச் சொல்லு" என்றார் தலைவி.

இப்படிப் பத்துப் பாத்திரங்களிலும் சிநேகிதி ஏறினாள். திருச்சியில் இன்றைக்கும் சில வீட்டுப் பரணில் இந்தப் பாத்திரங்களைப் பார்க்கலாம். அதற்கப்புறம் தனபாக்கியம் அக்கா வீட்டில் அண்டாவைத் தூக்கி வைத்தால், "வேதவல்லி அம்மா அடுப்புல ஏறிட்டாங்க" என்று பிள்ளைகள் கத்துவார்களாம். இது அந்த அம்மாளுக்கும் தெரியும். அவர் சிரித்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பதினோராவது பாத்திரத்துக்குத் தீர்ப்பு சொன்னது என் மாமியார். பானையை மாணிக்கத்தின் முன்னால் வைத்து, "கோமதிக்குப் பின்னாடி 'நாத்தனார் செல்வி'ன்னு வெட்டுங்க" என்றார்.

தை மாதம் சீர்வரிசை லால்குடி போய் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பொருளைப் படித்தார். "கோமதி நாத்தனார் செல்வி." நிமிர்ந்து, "அது யாரு அந்தக் கோமதி? பெரிய ஆளோ?" என்று சபையில் கேட்டார். தாலி ஏறும்வரை நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் பேர் நிலைத்துவிட்டது. புகுந்த வீட்டில் செல்வியை யாரும் செல்வி என்று கூப்பிட்டதில்லை. மாமனாருக்கும் கொழுந்தனுக்கும் பால்காரருக்கும் அவள் கோமதி நாத்தனார்தான். லால்குடியில் என்னைப் பார்த்தே இராதவர்களுக்குக்கூட என் பேர் தெரியும்.

செல்வி இதற்காக ஒருநாளும் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை. அவ்வளவு நல்ல பெண் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் தன் பங்குச் சீராக ஒரு புது வெண்கலப் பானை கொண்டுவந்தாள். இரண்டு படி அரிசி வேகும், அவ்வளவு பெரிது. ஆசையாக வாங்கித் திருப்பினேன். முத்து முத்தான எழுத்தில் 'செல்வி அண்ணி' என்று இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

"ஏண்டி, என் பேரு எங்கே?"

"இடம் பத்தலை அண்ணி" என்றாள், பானையின் பரந்த வயிற்றைத் தடவிக்கொண்டே.

இப்போது எங்கள் வீட்டில் அதில்தான் பொங்கல் வைக்கிறோம். போன தையில், புதிதாக வந்த மருமகள் பானைக்கு மஞ்சள் கட்ட உட்கார்ந்தவள், அந்தப் பேரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அத்தை, யாரு இந்தச் செல்வி அண்ணி?"

"நான்தாம்மா" என்றேன்.