தலைகீழாகத் தொங்கிய பன்னிரண்டு பாட்டில்கள்

பயந்தாங்கொள்ளிகள் சட்டத்தை மீறக் கூடாது. மீறித்தான் தீர வேண்டும் என்றால் அதைக் கவனமாகச் செய்யக் கூடாது. நான் என் ஆயுளில் ஒரே ஒரு தடவை மீறினேன். அதை அத்தனை கவனமாகச் செய்ததால்தான் ஒரு பெரிய சயாடோவின் (பௌத்த மடத் தலைவரின்) மழித்த தலையில் பீர் சொட்டியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூனில், எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (கணக்குப் பரீட்சையன்று வந்த வயிற்றுவலி, அப்படியே நீடித்துவிட்டது). ரயில்வே ஸ்டோரில் போல்ட், நட்டு, வாஷர்களை அளவுவாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடும் வேலை. மிங்கலா தாங்ஞுன்டில், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், ஒரு மர வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரி டோ மியாவும் அவளுடைய அக்கா குடும்பமும் இருந்தார்கள்.

என் அறைத் தரை வெறும் தேக்குப் பலகை. பலகைக்குப் பலகை சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. கீழே விளக்கேற்றினால் என் கூரையில் கோடுகோடாக வெளிச்சம் விழும். அவர்கள் கருவாடு சுடும் வாசனை வரும். சண்டை வரும், சிரிப்பு வரும். அக்காவும் தங்கையும் பேசாமலிருந்தால் இரண்டு நாளில் எனக்குக் கவலை வந்துவிடும். ரங்கூனில் பதினான்கு மாதங்களாக எனக்கு வாய்த்த சொந்தபந்தம் அந்த இடைவெளிகள்தான்.

மாடிக்குப் பதினேழு படிகள். என் காலைத் தவிர வேறு கால் அவற்றில் ஏறியதில்லை. யாராவது விருந்தாளி ஏறினால் எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள, ஒருநாள் நானே ஷூவை மாட்டிக்கொண்டு கனமாக ஏறிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் டிசில்வா என்ற சட்டைக்கார (ஆங்கிலோ-இந்திய) என்ஜின் டிரைவர் ஓய்வு பெற்று மேமியோ மலைக்குப் போனார். போகும்போது தன் பீர் காய்ச்சும் சாமான்களை என் தலையில் கட்டினார். ஒரு பீங்கான் ஜாடி, ஒரு டின் மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஒரு ரப்பர் குழாய், செய்முறை எழுதிய ஒரு தாள். எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. தலைவலி வந்துவிடுமோ என்று டீயையே ஆற்றி ஆற்றிக் குடிப்பவன். ஆனால் அன்று மத்தியானமே ஆபீசில் தேவசகாயம் அண்ணனிடம் போய் நின்றேன். அவரும் இன்னும் இரண்டு குமாஸ்தாக்களும்தான் அங்கே தமிழ் பேசுகிறவர்கள்.

"அண்ணே, கிறிஸ்துமஸுக்கு என் ரூமுக்கு வாங்க."

"வந்தா என்னடா சூசை குடுப்ப? ஜெபம் பண்ணி அனுப்பிருவியா?"

"பீர் இருக்கும்ணே. நானே காய்ச்சுறது."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"உன் ரூம் எந்தப் பக்கம்னு சொன்ன?" என்றார் அண்ணன்.

(அதுவரை நான் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.) அன்று சாயங்காலமே நாலு கண்ணாடி டம்ளர் வாங்கினேன்.

மால்ட் பாகைக் காய்ச்சி, பூவைக் கொதிக்கவைத்து, ரொட்டிக் கடையிலிருந்து ஒரு குவளை புளித்த நுரை வாங்கி ஊற்றி ஜாடியை மூடினேன். அது முணுமுணுக்கத் தொடங்கியது. ராத்திரி அறையில் என்னைத் தவிர இன்னொரு சத்தம். முதல் நாள் அதற்கு "என்ன?" என்று பதில்கூடச் சொன்னேன்.

இரண்டாம் நாள் வாசனை கிளம்பியது. வாசனையோடு ஆப்காரி இலாகாவும் ஞாபகத்துக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் பீர் காய்ச்சினால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் அதைப் பெரிதாகவே வைத்துக்கொண்டேன். முணுமுணுப்பு முழுக்க அடங்கிய பிறகுதான் பாட்டிலில் ஊற்ற வேண்டும் என்று டிசில்வாவின் தாளில் கோடு போட்டு எழுதியிருந்தது. அடங்கும்வரை காத்திருந்தால் நான் ஜெயிலில் இருப்பேன். நாலாம் நாளே ஊற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு டஜன் பீர் பாட்டில் வாங்கினால் சந்தேகம் வரும். கோலி சோடா பாட்டில் வாங்குகிறவனை எந்த ஆப்காரிக்காரன் சந்தேகப்படுவான்? இந்த யோசனை வந்தபோது என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். பழைய சாமான் கடையில் பன்னிரண்டு கோலி பாட்டில்கள் வாங்கிவந்தேன். உள்ளே வாயு சேர்ந்தால்தான் கோலி மேலே போய் வாயை அடைக்கும். வாயு சேரும்வரை கோலி தானாக வாயில் நிற்க ஒரே வழி, பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிடுவது. கெம்மண்டைன் படகுத்துறைக்குப் போய் ஒரு கிழிந்த மீன் வலை வாங்கிவந்தேன்.

தாளில் அடுத்த வரி: "குழாயை நண்பனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும்."

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு குழாயைக் கட்டில் காலில் கட்டினேன். கட்டில் கால் நல்லதுதான், ஆனால் நிறுத்து என்றால் நிறுத்தாது. வாயால் உறிஞ்சிக் குழாயில் பீரை வரவழைத்து, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கரண்டிச் சர்க்கரை போட்டு (வாயு வராமல் போய்விடுமோ என்று இன்னொரு கரண்டி), நிரப்பி, சட்டென்று கவிழ்த்து, கோலி வாயில் உட்காரும்வரை விரலால் பொத்தி, வலைத் துண்டில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டேன். ஒன்றைக் கவிழ்ப்பதற்குள் குழாய் அடுத்ததைத் தரையில் ஊற்றியது. முடித்தபோது சட்டை, வேட்டி, தலை எல்லாம் பீர். ஆனால் பன்னிரண்டும் முழங்கால் உயரத்தில், வரிசையாக, வௌவால் மாதிரி தொங்கின.

அப்போதுதான் படிகளில் காலடிச் சத்தம். பதினான்கு மாதங்களில் முதல் காலடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பயத்தில்.

டோ மியா. தரையில் ஊற்றியது கீழே ஒழுகியதைப் பார்க்க வந்திருந்தாள். பாட்டில்களைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது. பர்மியர் வீடுகளில், வீட்டைக் காக்கும் நட் தேவதைக்காகத் தூணில் ஒரு தேங்காயைத் துணி சுற்றித் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே அவள் வீட்டிலும் உண்டு.

"மோங் சூசை, இது உங்க ஊர் நட்டா?" என்றாள் பர்மியத்தில்.

மது என்று சொன்னால் வீட்டை விட்டுத் துரத்துவாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கனாகிய நான், "ஆமாம் அடோ" என்றேன். மோங் என்றால் தம்பி; அடோ என்றால் அங்கே அத்தை, சித்தி எல்லாம்.

"பன்னிரண்டு பேரா?"

"பன்னிரண்டு பேர்." (அப்போஸ்தலர்கள் என்னை மன்னிக்கட்டும்.)

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் பூ கொண்டுவந்து பாட்டில்களுக்குக் கீழே வைத்தாள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டும் போவாள். உண்மையைச் சொல்லத் தினமும் வாயைத் திறந்தேன். சொன்னால் நாளைக்குப் படியில் சத்தம் கேட்காது என்று மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸன்று காலைப் பூசை முடிந்து ஓட்டமாக வந்தேன். கீழே ஒரே கூட்டம். டோ மியா அன்று சயாடோவையும் நாலு பிட்சுகளையும் அழைத்து உணவு படைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓசைப்படாமல் மேலே போனேன். நாலு டம்ளரைத் துடைத்துவைத்து, ஜன்னலில் நின்று சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்தரை. பத்தே முக்கால். பக்கத்துத் தெரு மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது.

முதுகுப் பக்கம் ஏதோ கதகதப்பாக இருந்ததைக் கவனித்தேன். திரும்பினேன். மணிச் சத்தத்தில் எனக்குக் காலடி கேட்கவில்லை; நல்ல நாளாயிற்றே என்று டோ மியா என் நட்டுகளுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் போயிருந்தாள். பாட்டிலுக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு.

அணைக்க ஓடினேன். நாலு எட்டுதான். இரண்டாவது எட்டில் முதல் பாட்டில் வெடித்தது.

பிறகு எண்ண முடியவில்லை. கட்டிலுக்குப் பின்னால் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். கண்ணாடியெல்லாம் வலைக்குள்ளேயே தங்கியது. என் திட்டத்தில் வேலை செய்த ஒரே பகுதி அதுதான். பீர் வலையில் தங்கவில்லை. பலகை இடைவெளிகள் வழியாக, கீழே, சோற்றின் மேலும் காவியின் மேலும் பொழிந்தது.

சத்தம் ஓய்ந்தது. பிறகு பதினேழு படிகளும் ஒன்றாக அதிர்ந்தன. டோ மியா, அக்கா, பிள்ளைகள், அண்டை வீட்டார், என் அறை கொள்ளாத கூட்டம். யாராவது வர மாட்டார்களா என்று பதினான்கு மாதம் வேண்டியவன் கட்டிலுக்கு அடியில் போக முயன்றேன்.

என்னைக் கீழே கொண்டுபோய் சயாடோ முன்னால் மண்டியிட வைத்தார்கள். அவர் தலையைத் துண்டால் துடைத்தார். துண்டை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி கொண்டுபோனார்.

"இது அவன் ஊர் நட், பயா," என்றாள் டோ மியா, கை கூப்பிக்கொண்டே. பிட்சுவை அங்கே பயா என்றுதான் அழைப்பார்கள்.

"இந்த நட்டை எனக்குத் தெரியும்," என்றார் சயாடோ. "காவி உடுத்தறதுக்கு முன்னால நான் கப்பல்ல கரி தள்ளினவன். நானும் கும்பிட்டிருக்கேன்."

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். டோ மியாவின் முகம் மெதுவாக மாறியது. அறை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனத்துக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

"இத்தனையும் தனியாகவா குடிக்க இருந்தே?" என்று கேட்டார் சயாடோ.

"இல்லை. விருந்தாளிங்களுக்கு."

"எங்கே அவங்க?"

வாசலைப் பார்த்தேன். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். சந்தில் ஒரு நாய் போயிற்று.

சயாடோ டோ மியாவிடம் திரும்பினார். "இவ்வளவு பேருக்குச் சோறு ஆக்கினியே. மேலே ஒருத்தன் இருக்கான்னு தெரியாதா?"

அவள் தலைகுனிந்தாள். பீர் விழுந்த சோற்றை அகற்றி வேறு சோறு வைத்தார்கள். பிட்சுகள் உண்டு எழுந்த பிறகு, டோ மியா எனக்கும் ஒரு தட்டு வைத்து, விரலை நீட்டிச் சொன்னாள்: "இனிமே இந்த வீட்டில் ஒரு விசேஷம்னா நீ மேலே இருக்கக் கூடாது. கீழே வந்து என் கண் முன்னால உட்காரு." தண்டனையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் ஆபீசில் தேவசகாயம் அண்ணன், "அடடே, நேத்திக்கா சொன்ன?" என்றார். நான் வாஷர்களைப் பிரிக்கப் போய்விட்டேன்.

அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தேன். எல்லா விசேஷத்துக்கும் டோ மியாவின் கண் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி என் மனைவி வந்திறங்கிய அன்றே, பாஷை தெரியாத அவளுக்கு டோ மியா பானையையும் மூடியையும் வைத்து முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டாள்.

இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் நான் ஓர் அறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டால், அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "கீழ வந்து உக்காருங்க." பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நானும் எழுந்து கீழே போவேன்.