ஈரச் சுவர் மன்றத்தின் முதலாம் ஆண்டு விழா

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு பெரிய அநியாயம் செய்துவிட்டார்கள். சுண்ணாம்புப் பாறையைப் பற்றி எழுதினார்கள். அதற்குள் கிடந்த டைனோசர் முட்டையைப் பற்றி எழுதினார்கள். சோழர் கோயில், சிமென்ட் ஆலை, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஆனால் இந்த மண்ணில் மனித உணர்ச்சி தன் உச்சத்தைத் தொட்ட சம்பவத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அது குன்னத்துக்குப் பக்கத்தில், குழந்தைவேல் என்பவரின் வீட்டு முன்னறையில் நடந்தது. சரியாக நாற்பத்தொன்பது நிமிடம் நடந்தது.

குழந்தைவேல் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வயது முப்பத்தாறு. அவர் மேசைக்கு வரும் மனுக்களில் மனிதர்கள் படும் பாடெல்லாம் எழுதியிருக்கும். உதவித்தொகை நின்றுபோன கிழவி, கூரை இடிந்த குடும்பம், காணாமல் போன கணவன். இவை அனைத்தையும் அவர் 'ஆவன செய்யப்படும்' என்ற இரண்டே சொற்களில் கடந்துவிடுவார். அலுவலக நேரத்தில் உணர்ச்சியை விரயம் செய்யக் கூடாது என்பது அவர் கொள்கை. அதை அப்படியே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இங்கிலாந்தின் வடகோடியில் நாலு பேர் கிடாரும் கையுமாகப் போட்ட ஒரு ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பத்துக்கு மொத்தமாகச் செலவிடுவார்.

அந்த ஆல்பத்தின் பெயருக்குத் தமிழில் 'ஈரச் சுவர்' என்று பொருள். பதினோரு பாட்டு, நாற்பத்தொன்பது நிமிடம். பாடுகிறவருக்கு என்ன குறை என்பது முதல் மூன்று பாட்டில் தெரியாது. நான்காவதில் மழை பெய்கிறது. ஐந்தாவதிலும் பெய்கிறது. ஆறாவதில் மழை விட்டுவிடுகிறது, ஆனால் அவர் ஜன்னலைத் திறக்க மறுத்துவிடுகிறார். புரட்டாசி பிறந்தும் ஒரு தூற்றல் இல்லாமல், விதைத்த மக்காச்சோளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மழை பெய்துவிட்டதே என்று வருந்தும் ஒருவரோடு சேர்ந்து கண் கலங்குவதற்கு எவ்வளவு பக்குவம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தைவேலுக்கு அது இயல்பாகவே வாய்த்தது.

இப்படிப்பட்ட செல்வத்தைத் தான் மட்டும் அனுபவிப்பது சுயநலம் என்று அவருக்குப் பட்டது. ஆகவே போன புரட்டாசியில் 'ஈரச் சுவர் மன்றம்' உதயமாயிற்று. அவர் தலைவர். அரியலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அறிவரசன் செயலாளர். வெங்காய மண்டி செல்லதுரை உறுப்பினர். அத்துடன் மன்றம் நிறைந்துவிட்டது.

விதிகள் கடுமையானவை. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும், இடையில் எதையும் தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் எல்லா போன்களையும் ஃப்ளைட் மோடில் போட்டு, பாட்டு ஓடும் போனைத் தவிர மற்றவற்றைச் சில்வர் தூக்கில் வைத்து மூடிவிட வேண்டும். கேட்டு முடித்ததும் பதிவேட்டில் தேதி, நேரம், 'உணர்வு' ஆகியவற்றைக் குறித்து, தமக்குத் தாமே பத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த விதிகளால் கேஸ் சிலிண்டர்க்காரர் இரண்டு முறை திரும்பிப் போனார், அலுவலகத்திலிருந்து ஒருமுறை மெமோ வந்தது. கலைக்காக மனிதர்கள் இதைவிடப் பெரிய தியாகங்களைச் செய்திருக்கிறார்கள்.

முதல் மாதத்திலேயே செல்லதுரை பதிவேட்டில் ஒன்பது போட்டுக்கொண்டார். முதல் பாட்டு தொடங்கும் முன்பே அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்ததை மற்ற இருவரும் பார்த்தார்கள், ஆட்சேபிக்க வழியில்லை. தலைவருக்கு இரண்டு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. பிறகுதான், செல்லதுரை மண்டியில் மூட்டை பிரித்துவிட்டுக் கை கழுவாமல் வருகிறார் என்பது தெரிந்தது. அந்த ஒன்பது ரத்து செய்யப்பட்டது.

பத்துக்குப் பத்து வாங்கியவர் இதுவரை ஒருவர்தான். அது தலைவரேதான். போன ஜூன் மாதத்து ஒரு மாலையில், தனியாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் பதிவேட்டில் எழுதிய வரிகளைப் படித்த அறிவரசன், இரண்டு நிமிடம் எழுந்து நின்றார். பிறகு அதைத் தேதி, நேரத்தோடு டைப் செய்து, தன் கடையிலேயே லேமினேஷன் போட்டு, 'சாதனைப் பக்கம்' என்று தலைப்பிட்டுச் சுவரில் மாட்டினார். அதில் இருந்தது இதுதான்: 'எட்டாவது பாட்டு. வெகு தொலைவில் யாரோ ஒருவர் என் வரவுக்காக வாசலைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருப்பதைப் போல் உணர்ந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை. 10/10.'

இவ்வளவு நுண்மையான மனிதருக்கு ஒரு மனைவியும் இருந்தாள். பெயர் ஜெயசுதா, அங்கன்வாடியில் வேலை. அவளுடைய அம்மா கலியம்மாள் திருமானூரில் மாரடைப்பில் இறந்து மூன்றரை மாதம் ஆகிறது. இறப்பதற்கு முந்தைய மாலை மகளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மறுநாள் விடிந்ததும் போனை ஆன் செய்தபோது, அம்மா போய்விட்டார் என்று அண்ணன் சொன்ன செய்திதான் ஜெயசுதாவுக்கு முதலில் வந்தது. அதன் பின்னால்தான் அம்மாவின் குரல் வந்து சேர்ந்தது. நாற்பத்தொரு வினாடி. அவள் அதை இன்னும் திறக்கவில்லை. தனியாகக் கேட்கப் பயம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும், கேட்டுவிடுவாள்.

கணவரிடம் மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். முதல் முறை ஏழாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். இரண்டாம் முறை ஆல்பம் முடிந்த பிறகுதான் கேட்டாள். இப்போதுதான் மனசு நிறைந்து கிடக்கிறது, இதற்கு மேல் வேறொரு சோகத்துக்கு இடமில்லை என்று அவர் பெருந்தன்மையாக விளக்கினார். மூன்றாம் முறை ஆண்டு விழா வேலை வந்துவிட்டது.

"விழா முடியட்டும் சுதா," என்றார். "ஆவன செய்வோம்."

ஆண்டு விழா என்றால் மைக் செட் இல்லாமல் முடியுமா? இசை மக்களைப் போய்ச் சேர வேண்டும். குழந்தைவேல் பாடாலூர் தர்மனுக்குப் போன் போட்டார். தர்மன் இருபது வருடமாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் போனவர், ஆர்டர் கொடுப்பவரின் குரலை வைத்தே சாமான்களை ஏற்றுகிறவர்.

"என்ன பாட்டு சார் போடணும்?"

"சோகப் பாட்டு. நானே தரேன்," என்று குழந்தைவேல் சொன்னபோது வழக்கம்போலத் தொண்டை லேசாகக் கம்மியது.

தர்மன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கலர் பல்பு வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதெல்லாம் கூடாது, யாரும் சிரிக்கக்கூட வேண்டாம் என்றார் இவர். சாப்பாட்டுக்குப் பாத்திரம்? அடுப்பே பற்ற வைக்கப் போவதில்லை, வருகிறவர்களுக்கு டீ மட்டும்தான்.

"மனச தேத்திக்கங்க சார். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்," என்றார் தர்மன்.

குழந்தைவேல் நெகிழ்ந்துபோனார். ஆல்பத்தைக் கேட்காமலே அதைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் பாடாலூரில் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தர்மனின் வண்டி வந்தது. துக்க வீட்டில் ஆளைக் கூப்பிட்டு அதை எங்கே வைக்க, இதை எங்கே வைக்க என்று தொந்தரவு செய்வது தொழில் தர்மம் அல்ல. அவராகவே பந்தல் போட்டார். புனல் ஸ்பீக்கர் இரண்டையும் வேப்ப மரத்தில் ஏற்றி, கொல்லைக்காட்டுப் பக்கமாக, வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கும்படி திருப்பிக் கட்டினார். நாற்காலிகளை இரண்டு பக்கமும் போட்டு நடுவில் ஆறடி இடம் விட்டார். அந்த ஆறடியில் ஃப்ரீசர் பெட்டியை இறக்கி, ஒயரை மாட்டி, குளிர ஆரம்பித்துவிட்டதா என்று உள்ளே கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

முன்னறையில் மன்றத்தினர் மூவரும் மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சாதனைப் பக்கத்தைப் பந்தல் காலில் கட்டிவிட்டு வந்த அறிவரசன் மட்டும், கூல்டிரிங்ஸ் பெட்டி ரொம்பப் பெரிதாக இருக்கிறது என்று சொன்னார்.

சரியாக நாலு மணிக்கு, தர்மன் நீட்டிய ஒயரைத் தலைவர் தன் போனில் சொருக, 'ஈரச் சுவர்' வேப்ப மரத்திலிருந்து குன்னத்து வெயிலில் இறங்கியது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான்காவது பாட்டில் மழை பெய்தது. ஐந்தாவது பாட்டின் நடுவே வெளியில் யாரோ விம்முவது கேட்டது. ஆறாவதில் அது பத்துப் பேரின் அழுகையாயிற்று. குழந்தைவேலின் உடம்பு சிலிர்த்தது. ஒரு வருட உழைப்பு வீண்போகவில்லை, மக்கள் கடைசியில் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று அவர் செல்லதுரையின் கையை இறுகப் பிடித்தார்.

ஏழாவது பாட்டில் வெளியே வந்து பார்த்தார். நாற்பது பேர் இருப்பார்கள். களை எடுத்த மண் காலோடு பெண்கள், கையில் மாலைகள், ஒருத்தியின் கையில் கோடிச் சேலை. இரண்டு இரண்டு பேராகத் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். துக்க வீட்டுக்கு வருகிறவள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. ஒருத்தி திருப்பூருக்குப் போய்ப் பேச்சே இல்லாமல் போன மகனைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி எப்போதோ செத்த தம்பியைச் சொல்லி அழுதாள். எல்லோரும் அவரவர் பங்கை அழுது முடித்தபின், பெட்டி காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

"பாடி பெரம்பலூர்லேர்ந்து வருதா சார்?" என்று தர்மன் மெல்லக் கேட்டார்.

யாரும் சாகவில்லை, இது இசை நிகழ்ச்சி என்று குழந்தைவேல் விளக்கினார். ஆல்டர்நேட்டிவ் ராக் என்றார். பக்கத்து வீட்டுத் தனம், மாலையைக் கீழே வைக்கவும் முடியாமல் கையில் பிடிக்கவும் முடியாமல், வேப்ப மரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அந்த மனுசன் எதுக்குங்க அழுவுறாரு?"

"அவருக்கு மனசு சரியில்ல."

"என்னாச்சாம்?"

"அவங்க ஊர்ல மழை பெய்யுது," என்றார் குழந்தைவேல்.

நாற்பது பேரும் ஒருமுறை வானத்தைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். களையெடுப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தேனே என்று தனம் மாலையைச் சுருட்டினாள். கூட்டம் எழுந்தது.

அப்போதுதான் ஜெயசுதா தூக்கிலிருந்து எடுத்த தன் போனோடு வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

"வந்தது வந்துட்டீங்க. ஒரு நிமிசம் உக்காருங்க. எங்கம்மா கடைசியா ஒண்ணு பேசி அனுப்பியிருக்கு. தனியா கேக்கத் தைரியமில்லாம வெச்சிருக்கேன். இத்தன பேரு பக்கத்துல இருந்தீங்கன்னா கேட்டுருவேன்."

தனம் முதலில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெயசுதா கணவரின் போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பாதியில் நிறுத்துவது விதிப்படி செல்லாது என்று தலைவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவள் தன் போனில் ஒயரைச் சொருகி, அழுத்தினாள். வேப்ப மரத்திலிருந்து கலியம்மாள் பேசினார்.

"சுதா, அம்மா பேசுறேன். ஒனக்குப் போட்டா போவல. மாப்ளைக்கும் நாலு தடவ போட்டேன், அதுவும் போவல. மத்தியானத்துலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. பயப்படாத, ஒண்ணுமில்ல. ஒங்கண்ணன் கும்மோணம் போயிருக்கான், இங்க ஆள் இல்ல. மாப்ள வண்டிய எடுத்தார்னா ஒரு மணி நேரத்துல வந்துருவாரு, ஆஸ்பத்திரிக்கிப் போயிரலாம். இத கேட்டதும் போன் பண்ணு. நான் வாசல்லதான் உக்காந்திருக்கேன்."

ஜெயசுதா அழவில்லை. போனில் தெரிந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். பந்தல் காலில் தொங்கிய லேமினேஷன் அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"அன்னிக்கி என் போனையும் சேத்துதான் தூக்குல போட்டு மூடுனீங்க," என்றாள். "மனசு கலையக் கூடாதுன்னு விடியிற வரைக்கும் தரல."

குழந்தைவேல், "ஆவன..." என்று ஆரம்பித்தார். அவள் அட்டையை அவிழ்த்து தர்மனிடம் கொடுத்தாள்.

"மைக்குல வாசிங்கண்ணே. தேதியோட வாசிங்க."

தர்மனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததை மைக்கில் வாசிப்பது அவர் தொழில். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஈரச் சுவர் மன்றம். சாதனைப் பக்கம். ஜூன் மாதம் பதினாலாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பத்தெட்டு நிமிடம். எட்டாவது பாட்டு. வெகு தொலைவில் யாரோ ஒருவர் என் வரவுக்காக வாசலைப் பார்த்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இறந்துகொண்டிருப்பதைப் போல் உணர்ந்தேன். எழுந்து போக மனம் வரவில்லை."

அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. மீதி இருந்தது மதிப்பெண் மட்டும்தான். தலைவரின் உணர்வில் இம்மியளவும் பிழையில்லை, பத்துக்குப் பத்து என்பது சரியே என்று அங்கே கூடியிருந்த நாற்பது பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.