பானைக்கார அக்காவை வெட்டிய படம்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. பேர்லினில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை "கேள்விகள் உண்டா?" என்று கேட்டால் என் சப்பாத்தைக் குனிந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நான் ஒருநாள் நிறைந்த திரையரங்கில் மைக்கைப் பிடித்து ஒரு சினிமாக்காரரோடு சண்டை போட்டேன். இதை என் வீட்டுக்காரர் எழுதினால் இன்னும் மோசமாக எழுதுவார். ஆகவே நானே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது. நாங்கள் இருக்கும் பேர்லின் நொய்கெல்ன் பகுதியில், வேண்டாத சாமான்களைப் பெட்டியில் போட்டு, 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதித் தெருவோரம் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்த பெட்டி ஒன்றில் தடித்த சிறுவர் நாவல்கள் நான்கு கிடந்தன. ஐந்து பாகக் கதை அது. ஐந்தாவதை யாரோ எனக்கு முன்னே எடுத்துப் போயிருந்தார்கள். (அந்த ஆள் மட்டும் அன்று வேறு தெருவால் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

கதை இதுதான். உப்பு மலைக்குள் ஒரு ராசா இருக்கிறான். அவன் ஒரு சின்னப் பையனைப் பிடித்துக்கொண்டு போகிறான். பையனின் அக்கா லீனா, பத்து வயதுப் பிள்ளை, தம்பியை மீட்க மலைக்குள் இறங்குகிறாள். துணைக்கு ஒரு டிராகன். கோழி அளவுதான் இருக்கும், நெருப்பு என்றால் அதற்குப் பயம். ஜேர்மனியில் இந்தப் புத்தகத்தைத் தெரியாத பிள்ளை இல்லை.

என் மகள் மதுராவுக்கு அப்போது ஏழு வயது. காலையில் சீப்பால் தலை இழுக்கும்போது ஆட்டிக்கொண்டே இருப்பாள். அதற்காக இந்தக் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கதை சொன்னால் சிலை மாதிரி இருப்பாள். இரட்டைப் பின்னல் முடிய பத்து நிமிடம், அதற்குள் ஒரு அத்தியாயம். என் ஜேர்மன் அப்போது கிளினிக் வாளிக்கும் துடைப்பத்துக்கும் மட்டும் போதுமானதாக இருந்தது. விளங்காத இடங்களில் கொஞ்சம் சமாளித்துக்கொண்டேன்.

எனக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு மனக்குறை. லீனா ஏழு நாள் சுரங்கத்துக்குள் நடக்கிறாள். ஏழு நாளும் அந்தப் பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டதாக எழுத்தாளர் எழுதவில்லை. நல்ல காலமாகச் சுரங்கத்தின் மூன்றாவது வளைவில் ஒரு பெண் பானையோடு நின்றாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். 'பானைக்கார அக்கா' என்று பெயர் வைத்தேன். அவள் வளைவுக்கு வளைவு வந்து பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தாள். மதுராவுக்கு லீனாவைவிட அவளைத்தான் பிடித்தது.

ஐந்து வருடத்தில் எத்தனை தரம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல, எது அச்சில் இருந்தது, எது என் வாயில் இருந்தது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. நம்பினேன்.

ஆறாம் வகுப்பில் சிக்கல் வந்தது. மதுரா பள்ளியால் வந்து புத்தகப் பையை எறிந்தாள்.

"அம்மா, ஷார்லோட்டே சொல்லுறாள், பானைக்கார அக்கா எண்டு ஒருத்தரும் இல்லையாம்."

"அவள் எத்தினை பாகம் வாசிச்சவள்?"

"மூண்டு."

"மூண்டு வாசிச்சிட்டுக் கதைக்க வந்திட்டாவோ. அக்கான்ர பெரிய வேலை எல்லாம் ஐஞ்சாவதிலதான் எண்டு சொல்லு."

மதுரா போய்ச் சொன்னாள். அவளோ அந்தப் புத்தகங்களைத் திறந்ததே இல்லை. முழுக்கதையும் தெரியும், பிறகேன் வாசிக்கவேண்டும் என்பது அவளது நியாயம். இரண்டு பேரும் வகுப்பு முழுவதும் பார்த்திருக்கப் பந்தயம் கட்டினார்கள். ஐந்து பாகத்தையும் சேர்த்துப் படம் வருகிறது. படத்தில் பானைக்கார அக்கா வந்தால் ஷார்லோட்டே, வராவிட்டால் மதுரா, திங்கட்கிழமை எழும்பி நின்று 'நான் சொன்னது பிழை' என்று சொல்லவேண்டும். என் மகளுக்கு அதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுகம். (அந்தக் கூச்சம் என்னிடமிருந்துதான் போனது.)

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். திரைக்கதை எழுதியவர் வந்து ரசிகர்களோடு பேசுவார் என்று அறிவித்திருந்தார்கள். பெரியவர்கள்கூட லீனாவின் வேடத்தில் சாம்பல் நிறப் போர்வை போர்த்தி, கழுத்தில் உப்புப் பொட்டலம் தொங்கவிட்டு வந்திருந்தார்கள். மதுராவுக்கும் என் பழைய சால்வையில் ஒன்று தைத்துக் கொடுத்திருந்தேன். எங்களுக்கு முன்வரிசையில் ஷார்லோட்டே, தாயோடு.

விளக்கு அணைந்தது. லீனா வந்தாள். பத்து வயது இல்லை, பதினெட்டு. உதட்டில் சாயம். டிராகன் ஒரு பஸ் அளவு, வாயைத் திறந்தால் நெருப்பு. எனக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர், "அதுக்கு நெருப்பென்றால் பயம்" என்று முனகினார். தம்பி எங்கே என்று எல்லோரும் தேடினோம். தம்பியே இல்லை. லீனா தன் காதலனைத் தேடித்தான் மலைக்குள் போகிறாளாம்.

மூன்றாவது வளைவு வந்தது. பானை இல்லை. ஐந்தாம் பாகமும் வந்தது. டிராகன் நெருப்பை ஊத, உப்பு ராசா வெடித்தான். லீனா காதலனைக் கட்டிப்பிடித்தாள். விளக்குகள் எரிந்தன.

திரைக்கதைக்காரர் மேடையில் ஏறினார். பாவம், நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். அரைமணி நேரம் வாங்கிக் கட்டினார். டிராகனுக்கு என்ன நடந்தது, தம்பியை யார் கொன்றது என்று ஒவ்வொருவராக மைக்கைப் பிடுங்கினார்கள். தாடிக்காரர் பேசும்போது அழுதேவிட்டார்.

மதுரா என் கையைப் பிடித்தாள். "அம்மா, நீங்கள் கேளுங்கோ. ஏன் அக்காவை வெட்டினவை எண்டு. அவர் வெட்டினதெண்டு சொன்னால், நாளைக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"என்னால ஏலாது பிள்ளை. அப்பாவைக் கேக்கச் சொல்லு."

"எனக்குக் கதை தெரியாது," என்றார் இவர் அவசரமாக.

மகளின் கண் நிறைந்திருந்தது. என் கை எப்படி உயர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைக் வந்துவிட்டது.

"இந்தக் கதையில் மிக முக்கியமான பெண்ணை நீங்கள் வெட்டிவிட்டீர்கள்," என்றேன்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். யார் அந்தப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெட்டியது என்றால் தட்டுவதற்கு அங்கே எல்லோரும் தயாராக இருந்தார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. (கலியாணத்தில்கூட இல்லை.) தலைக்கு ஏறிவிட்டது.

"அவள் இல்லாமல் உப்பு ராசா எப்படி அழுவான்? அவன் அழாமல் மலை எப்படிக் கரையும்? வெடிக்க வைப்பதற்கு அது என்ன கல்லுடைக்கும் இடமா?"

இந்த முறை கைதட்டல் அங்கொன்று இங்கொன்று. தாடிக்காரர் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

திரைக்கதைக்காரர் முன்னுக்குக் குனிந்தார். "மன்னியுங்கள், எந்தப் பெண்?"

"பானையோடு வருகிறவள்."

"முதல் பாகத்தில் ஒரு வரியில் வருகிறாள். அவளா?"

"ஒரு வரியா? ஐந்து பாகத்திலும் வருகிறாள். கடைசியில் ராசாவுக்கு அவள்தான் சாப்பாடு கொடுக்கிறாள். அவன் பிறந்ததிலிருந்து சமைத்த சாப்பாடே சாப்பிடாதவன். சாப்பிட்டுவிட்டு அழுகிறான். அந்தக் கண்ணீரில்தான் மலை கரைகிறது. புத்தகத்தை நீங்கள் வாசித்தீர்களா?"

அவர் கோபப்படவில்லை. அரைமணி நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு கேட்டார். "என்ன சாப்பாடு கொடுக்கிறாள்?"

"இடியப்பமும் சொதியும்," என்றேன்.

என் குரல் அரங்கின் நாலு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. இடியப்பமும் சொதியும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்னல் பின்னுகிற கை, பெட்டியில் இல்லாத ஐந்தாம் பாகம், 'பிறகு என்ன நடந்தது அம்மா' என்று ஒரு பிள்ளை காலையில் கேட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஜேர்மன் எழுத்தாளர் எவரும் உப்பு மலைக்குள் இடியப்பம் அவித்திருக்க முடியாது. அது என் குசினிச் சமையல்.

மைக்கை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. "நன்றி, வேறு கேள்வி இல்லை," என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அதை நான் ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

திரைக்கதைக்காரர் சொன்னார்: "அம்மணி, அந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு அடி விழுந்திருக்காது." அரங்கம் சிரித்தது. கேலி இல்லை, ஆனால் சத்தமாக. தாடிக்காரர் என் தோளைத் தட்டி, "நெருப்பைவிட இது நல்லது," என்றார்.

நான் மதுராவைப் பார்க்கப் பயந்தேன். போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு கதிரைக்குள் சரிந்திருந்தாள். உடம்பு குலுங்கியது. பிள்ளையை அழவைத்துவிட்டேனே என்று போர்வையை விலக்கினேன். மூச்சு விடமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இடியப்பம் எங்கட சாப்பாடல்லோ. எனக்கே இவ்வளவு நாளும் உறைக்கேல்லை."

பாதாள ரயிலில் விசாரணை நடந்தது.

"அப்ப, ராசா அழேல்லையோ?"

"தெரியாது."

"லீனாவை முதலையிட்டயிருந்து காப்பாத்தினது ஆர்?"

"முதலையும் நான்தான்."

இவர் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த ஒருவர் எழும்பித் தள்ளிப் போனார். இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டோம்.

"பிள்ளை, நாளைக்கு வகுப்பில நான் வந்து சொல்லட்டோ?" என்று கேட்டேன். "என்னில பிழை."

மதுரா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "வேண்டாம் அம்மா. உங்களிட்ட மைக் குடுத்தால் காணும், பிறகு வகுப்பு நடக்காது. நானே சொல்லுறன்."

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரு சோதனை உண்டு. வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றாலும் சரி, ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது மச்சாள் என்னைக் கண்டும் காணாமல் போனாள் என்றாலும் சரி, அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "இது ஐஞ்சாம் பாகமோ?" என்பார்கள். பாதி நேரம் எனக்கே பதில் தெரியாது.

படம் பார்த்த மறுநாள் திங்கட்கிழமை. மதுரா வகுப்பில் எழும்பி நின்று, தான் சொன்னது பிழை என்று சொன்னாள். பானைக்கார அக்கா வரும் முழுக்கதையும் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். நேரம் இல்லை என்று ஆசிரியை கணக்குப் பாடத்தைத் தொடங்கினார்.