ஒழுகும் கூரைக்கு ஒரு லத்தீன் வாக்கு

எதற்கெடுத்தாலும் ஒரு லத்தீன் பழமொழியை எடுத்துவிடும் லத்தீன் வாக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இத்தாலியில் எங்கள் பெருஜியா நகரத்தில் கட்டடத்துக்கு ஒருவராவது அகப்படுவார். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற வக்கீல் எவாரிஸ்தோ பெலாக்கி. பள்ளியில் ஐந்து வருஷம் லத்தீன் படித்து, இலக்கணத்தை ஒரே கோடை விடுமுறையில் மறந்து, ஒரு நாற்பது வாக்குகளை மட்டும் கல்யாணக் கோட்டு மாதிரி பத்திரமாக வைத்திருப்பவர். கண்ணை மூடுவார், விரலை உயர்த்துவார், மூன்றே சொல் சொல்வார். பிறகு பேச்சே கிடையாது. அதற்கு மேல் யார் பேசுவது?

வாக்குகளின் மேல் குற்றமில்லை. இரண்டாயிரம் வருஷம் அடிபட்டுத் தேறியவை. ஆனால் அவசரப்படுகிறவனை அடக்க ஒன்று, தயங்குகிறவனைத் தள்ள ஒன்று என்று அவரிடம் இரண்டு பக்கத்துக்கும் சரக்கு உண்டு. எதை எடுப்பார் என்பது அன்றைக்கு அவருக்கு நாற்காலியைவிட்டு எழ மனமிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மேல்மாடி நொயேமியம்மாளின் படுக்கையறைக் கூரை ஒழுகியது. அந்த அம்மாள் சமையலறையில் கட்டில் போட்டுப் படுத்தாள். பழுதுபார்க்கக் குடியிருப்போர் கூட்டத்தில் பெரும்பான்மை வேண்டும். மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் எவாரிஸ்தோ விரலை உயர்த்தினார். நாங்களும் அதே பள்ளிகளில் படித்தவர்கள். புரியவில்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? எல்லோரும் தலையாட்டினோம். விஷயம் தள்ளிப்போயிற்று. நானும் ஆட்டினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலாவது கூட்டம் அக்டோபரில். வெளியே மழை. எவாரிஸ்தோ மூன்று சொல்லையும் சொல்லி முடித்தார்.

"வக்கீலய்யா, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் நொயேமியம்மாள்.

எங்கள் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"அது வந்து... கொஞ்சம் பொறுமையா இருக்கணும்னு அர்த்தம், அம்மா."

"அவ்வளவுதானா? இதை நம்ம பாஷையிலயே சொல்லியிருந்தா, முதல் கூட்டத்துலயே உங்களை நாலு கேள்வி கேட்டிருப்பேனே! லத்தீனாச்சேன்னு ஒரு வருஷமா சமையலறையில கிடக்கேன். இந்தாங்க சாவி. என் படுக்கையறையில நீங்க போய்ப் பொறுமையா படுங்க."

யாரோ சிரித்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக எவாரிஸ்தோவின் கையும் உயர்ந்தது. சும்மா உயருமா? நல்ல காரியத்தில் தாமதம் கூடாது என்னும் பொருளில் ஏதோ ஒரு வாக்கு கூடவே வந்தது. அதற்கும் நாங்கள் தலையாட்டினோம்.

நமக்கு லத்தீன் தெரியாது, தப்பித்தோம் என்று சிரிக்காதீர்கள். யாராவது தன் கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் நாக்கு நுனியில் ஒரு பொன்மொழி வந்து நிற்கிறதா? அது எந்த மொழியாக இருந்தால் என்ன? கவலைப்படாதீர்கள், எங்கள் கட்டடத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. வக்கீலுக்கு நேர் எதிர்வீடு. உங்களுக்குத் தோதாக இருக்கும்.