மாமியாரும் ஏழு சுறாக்களும்

"ஞாயித்துக்கிழமை கடலுக்கடியில போய்ச் சுறா பார்க்கப் போறேன், மாப்பிள்ளை" என்று மாமியார் சொன்னபோது, மாப்பிள்ளை வாயில் வைத்த காபி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ஓய்வுபெற்றதும் மாமியார் குடிபோன கடலோர ஊருக்கு, மூன்று வருடம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, இப்போதுதான் மனைவியோடு வந்திருந்தார். அவருக்கு விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. யார் எந்தப் படியில் வழுக்கினார், யார் எந்த ஏணியிலிருந்து விழுந்தார் என்று பன்னிரண்டு வருடமாகப் படித்துப் படித்து, குளியலறையில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். அறுபத்தோரு வயதுக் கணக்கு டீச்சர் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுறாக்களுக்கு நடுவே நீந்துவதா?

மனைவியிடம் முறையிட்டார். அம்மா ஒன்றை நினைத்தால் நினைத்ததுதான் என்று சொல்லிவிட்டு, அவள் துணி மடிப்பதைத் தொடர்ந்தாள்.

யாருக்கும் தெரியாமல் மாமியாரின் டாக்டரிடம் ஓடி, உடல்தகுதிச் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அந்த அம்மாளின் நுரையீரல் முப்பது வயதுக்காரர்களுக்கே வாய்க்காது என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அவரையும் படுக்கவைத்துச் சோதித்தார். எல்லாம் நன்றாகவே இருந்ததால், கையோடு அவருக்கும் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் மாப்பிள்ளை ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

"அறுபது தாண்டினவங்களைத் தனியா இறக்க மாட்டாங்களாம், அத்தை. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இறங்கணுமாம்."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க வாங்க. உங்களுக்கும் சான்றிதழ் குடுத்திருக்கேன்னு டாக்டர் போன்ல சொன்னாரே."

இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

சனிக்கிழமை முழுக்க நீச்சல் குளத்தில் மூச்சுவிடப் பழக்கினார்கள். மறுநாள் படகில் வழிகாட்டி கைச்சைகைகளை விளக்கியபோது, மாப்பிள்ளையின் உடம்புதான் படகில் இருந்தது. மனசு கரையிலேயே நின்றுவிட்டது.

தண்ணீருக்குள் வழிகாட்டி முன்னே போனார். மாமியார் மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். ஊதாநிறப் பவளப்பாறைக்குப் பின்னாலிருந்து, ஆள் நீளத்துக்கு ஒரு சுறா அவசரமே இல்லாமல் வந்தது.

சரியில்லை, போய்விடலாம் என்று சொல்ல நினைத்து, மாப்பிள்ளை கட்டைவிரலைக் கீழே காட்டினார். தண்ணீருக்குள் அதற்கு, இன்னும் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம். வழிகாட்டி மகிழ்ந்துபோய்க் கீழே அழைத்துச் சென்றார். அங்கே மூன்று சுறாக்கள் இருந்தன. மாப்பிள்ளை கட்டைவிரலை இன்னும் அழுத்தமாகக் கீழே குத்திக் காட்டினார். அதற்கும் கீழே ஏழு இருந்தன.

ஏழாவது சுறா அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தது. பிறகு சுவாரசியமில்லாமல் திரும்பிக்கொண்டது. அவருடைய பயம் உச்சிக்கு ஏறி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றுவிட்டது. தான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. அந்தச் சுறாவின் வால் அசைவது அழகாகக்கூட இருந்தது.

படகில் ஏறியபோது பல் தந்தியடித்தது. மாமியார் தலை துவட்ட முன்பக்கம் போனதும், மாப்பிள்ளை பின்னால் இருந்த படகோட்டியிடம் தள்ளாடிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, வயசானவங்க. முதல் தடவை, ஏதோ தப்பிச்சுட்டாங்க. இனி வந்தா தயவுசெஞ்சு ஏத்தாதீங்க."

படகோட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க எல்லாருக்கும் இறங்கக் கத்துக்கொடுக்கிறதே அந்தம்மாதான், சார். 'வாங்கன்னு கூப்பிட்டா மாப்பிள்ளை வரமாட்டாரு, நான் போறேன்னு சொன்னா தடுக்கவாவது வந்துடுவாரு'ன்னு, போன மாசமே உங்க பேரைப் பதிஞ்சு வச்சுட்டாங்களே."