மூன்றாவது ஜோடி டயர்

வண்டி விழுந்துவிட்டது. விழுந்ததோடு நிற்காமல், ஒரு சுக்கு மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பஜார் ரோட்டின் நடுவில் சாவகாசமாகப் படுத்தும் விட்டது. பக்கத்தில் ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் சகிதம் வெங்கிட்டு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மானம் மட்டும்தான் பலமாக அடிபட்டிருந்தது.

இருநூற்று முப்பது கிலோ எடை. காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியில் இருபது வருஷம் நாற்காலியைத் தேய்த்ததற்காக, நாற்பத்தெட்டாம் வயதில் வெங்கிட்டு தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பரிசு. எதிரே வந்த லாரிக்காகப் பிரேக் பிடித்தார், இடது காலை ஊன்றப் போனார், கால் தரையைத் தேடியது, தரை அகப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சுமை இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நாலு பேர் தூக்க வந்தார்கள். தூக்குவதற்கு முன், விழுந்த வண்டி சங்க விதிப்படி சுமட்டில் சேருமா சேராதா என்று ஒரு விவாதம் வேறு நடந்தது. அது முடிவதற்குள் மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

"டயர் சரியில்லை," என்றார் வெங்கிட்டு, யாரும் கேட்காமலேயே.

அதே பேச்சோடு நேரே டயர் கடைக்குப் போனார். கடைக்காரி இசக்கிசெல்வி தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் வளைகுடாவுக்குப் போனபின் கடையைத் தனியாளாக நடத்துகிறவள். அவள் டயரைப் பார்க்கவில்லை. வெங்கிட்டுவின் காலைத்தான் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"டயர்ல ஒரு கோளாறும் இல்ல சார். உங்களுக்குக் கால்தான் எட்டல. சீட்டை ரெண்டு இஞ்சு குறைச்சாப் போதும்."

வெங்கிட்டுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வண்டியின் சீட்டைக் குறைப்பதும் கோயில் யானையின் காலைக் குறைப்பதும் ஒன்று என்பது அவர் கட்சி. மேலும், டயர் விஷயத்தில் அவர் நாற்பது வீடியோ பார்த்தவர். ஆபீஸில் ஸ்ரீநாத் என்று ஒரு பையன், பைக் கோஷ்டிக்குத் தலைவன். இந்த வண்டிக்குத் தார் ரோடு டயர் போட்டு ஓட்டுவதும் பால் பாக்கெட் வாங்கப் போவதும் ஒன்று என்று கேன்டீனில் எல்லார் எதிரிலும் சொல்லியிருந்தான். அடுத்த மாதம் கோஷ்டி வாகமண் மலைக்குப் போகிறது. தேயிலைத் தோட்டத்து மண் பாதை. வெங்கிட்டுவும் பேர் கொடுத்திருந்தார்.

ஆக, கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் மண் டயர் ஒரு ஜோடி வந்து இறங்கியது.

புது டயரை அப்படியே ரோட்டில் விடலாமா? சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கடியில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், எல்லாம் ஆயிற்று. அதுவரை சரிதான். டயர் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருப்பதாக வெங்கிட்டுவுக்குப் பட்டது. தலைக்கும் தோசைக்கும் தேங்காயெண்ணெயையே நம்பி வாழ்கிற மனிதர். ஒரு கிண்ணம் எண்ணெயை எடுத்து இரண்டு டயரையும் பளபளவென்று தேய்த்துவிட்டார்.

வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. அடுத்த நொடி வாசல் ஓடுகளின் மேல் அதுவே ஒரு நமஸ்காரம் செய்தது. கற்பூரம்கூட இன்னும் அணைந்திருக்கவில்லை.

மனைவி சுபாஷிணி ஆரத்தித் தட்டைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு தடவை ஆச்சு. சாரமில்லை, போகட்டும். மூணாவது தடவை விழுந்தேள்னா சாவி என் கையில. அப்பறம் ஒரு வார்த்தை பேசப்படாது, கேட்டேளா?"

சுபாஷிணி சொன்னால் சொன்னதுதான். அவர் ஆசையாக வாங்கி, அடித்து, அண்டை அயலைத் துரத்திய மிருதங்கம் இப்போது வராந்தாவில் துளசித் தொட்டிக்கு ஸ்டூலாக இருக்கிறது. வண்டி என்னவாகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

மண் டயர் தார் ரோட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் ஆகாது என்று கண்டுபிடித்து, மூன்றாவது ஜோடிக்கு வந்தார். பாதி தார், பாதி மண், இரண்டுக்கும் பொது. மாட்டி முடித்ததும் இசக்கிசெல்வி கண்டிப்பாகச் சொன்னாள்.

"எண்ணெயை இதுக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க. புது டயரு வழுக்கும். இருநூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பழக்குங்க. பழக்காம மலைக்கு ஏத்துனா நான் பொறுப்பில்ல. சீட்டையும் குறைச்சா நல்லது."

சீட்டுப் பேச்சு காதில் ஏறவேயில்லை. இருநூறு கிலோமீட்டர் என்பதுதான் ஏறியது. இருநூறு கிலோமீட்டர் என்றால் விழுவதற்கு இருநூறு கிலோமீட்டர் வாய்ப்பு. அன்றைக்கு ஞாயிறு, மலைப்பயணம் அடுத்த ஞாயிறு. வெங்கிட்டு யோசித்தார். டேங்க்கை நிரப்பி, ஊர்ந்து வீடு சேர்ந்து, சாவியை ஆணியில் மாட்டினார். அந்த வாரம் முழுக்கப் படகும் பஸ்ஸும் பிடித்து ஆபீஸ் போனார். விழாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி உலகத்தில் கிடையாது.

சனிக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது, புது டயரில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் எல்லாம் காணோம். சுபாஷிணியைக் கேட்டார். தான்தான் தேங்காய் நாரால் தேய்த்துத் துடைத்ததாகச் சொன்னாள். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் ஏலக்காய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அந்த வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டாளாம், மூக்கு நுனி கறுத்திருந்தது. வாய் பேசினாலும் மனசு நல்ல மனசு என்று வெங்கிட்டு உருகிப் போனார்.

ஞாயிறு காலை. வண்டியைக் கிளப்பினார். நிரப்பி வைத்த பெட்ரோல் பாதிதான் காட்டியது. பெட்ரோல் பங்க்காரனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனார்.

வைட்டிலா சந்திப்பில் சிவப்பு விளக்கு. வெங்கிட்டு கண்ணை மூடிக்கொண்டு இடது காலை நீட்டினார்.

கால் தரையில் பதிந்தது. நுனிவிரல் இல்லை, முழுப் பாதம். வலது காலையும் நீட்டிப் பார்த்தார். அதுவும் பதிந்தது.

வெங்கிட்டுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல டயர் என்றால் அமுங்கிக் கொடுக்கும் என்று அந்த நாற்பது வீடியோவில் எதிலோ சொன்னது இதுதான்.

மலையில் மழை. தேயிலைத் தோட்டத்துப் பாதை களிமண் குழம்பாகக் கிடந்தது. ஒரு ஓடையைக் கடக்கும்போது ஸ்ரீநாத் முதலில் விழுந்தான். அவனைப் பார்த்துச் சிரித்தவன் இரண்டாவதாக விழுந்தான். வெங்கிட்டுவும் இடது பக்கம் சறுக்கினார், கால் ஊன்றினார், நின்றார். வலது பக்கம் சறுக்கினார், ஊன்றினார், நின்றார். நண்டு மாதிரி ஊன்றி ஊன்றி, அத்தனை பேருக்கும் முன்னால் உச்சியில் போய் நின்றார். சேறும் சகதியுமாக ஏறி வந்த ஸ்ரீநாத், "சாரே, இது ஏது டயர்?" என்று பணிவாகக் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக வெங்கிட்டு இன்னும் மூன்று ஜோடி வாங்கத் தயாராக இருந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் சுபாஷிணி காத்திருந்தாள்.

"விழலையா?"

"விழலை."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

அவள் முகம் ஏனோ கொஞ்சம் வாடியது. மலைத்துப் போய்விட்டாள் பாவம் என்று வெங்கிட்டு எடுத்துக்கொண்டார். சாவியை அவள் கண்ணெதிரே ஒரு சுற்றுச் சுற்றிப் பைக்குள் போட்டார். கையோடு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் வறுவலை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனார்.

ஓடை, சேறு, ஸ்ரீநாத் விழுந்த கோணம் என்று ஒன்று விடாமல் சொன்னார். இசக்கிசெல்வி வறுவலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் வெங்கிட்டு டயரைத் தட்டிக் கொடுத்தார்.

"இருநூறு கிலோமீட்டர் பழக்கணும்னு பயமுறுத்தினேளே, ஒரு கிலோமீட்டர்கூட நான் பழக்கலை. சீட்டைக் குறைன்னேள், அதையும் தொடலை. எல்லாம் இந்த டயரோட மகிமையாக்கும்."

இசக்கிசெல்வி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டயரை எதுக்கு சார் புகழுதீங்க? நீங்க ஆபீஸ் போனதும் வீட்டு அக்கா தினமும் ஆலப்புழை வரைக்கும் விரட்டிப் பழக்குன டயரு அது; சீட்டும் அவுக காலுக்கு அளவெடுத்துக் குறைச்சதுதான்."